உருண்டைப் பூமியில் ஓய்வுநாள்: கேள்வி பதில்

முப்பது வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவன் நான். வெள்ளி அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை ஓய்வுநாள் ஆசரிக்கிறவன். இரண்டும் மோதுகிற இடத்திலிருந்துதான் எனக்குக் கேள்விகள் வருகின்றன. இம்முறை வந்தவற்றில் ஆறு.

கே: ஐயா, பூமி உருண்டை, அது சுழல்கிறது. ஓரிடத்தில் சனி என்றால் இன்னோரிடத்தில் வெள்ளி. அப்புறம் எப்படி எல்லாரும் ஒரே நாளை ஆசரிப்பது? என் நண்பன் இதைச் சொல்லியே என்னை மடக்குகிறான். (கல்லூரி மாணவர்)

எல்லாரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும் என்று வேதத்தின் ஓய்வுநாள் கட்டளையில் எங்கே இருக்கிறது, தம்பி? "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் ஆதியாகமம் நாளை எண்ணுகிறது. சாயங்காலம் ஊர் ஊராக வருவது. ஓய்வுநாளுக்காக எருசலேமின் வாசல்களை அடைக்கச் சொன்ன யூத ஆளுநர் நெகேமியா, அந்த வாசல்களில் இருட்டியதைப் பார்த்துத்தான் சொன்னார்.

வகுப்பில் சன்னல்களைச் சாத்திவிட்டுப் பூகோள உருண்டைமேல் டார்ச் அடிப்பேன். ஒரு துண்டுக் காகிதத்தை அதில் ஒட்டி, ஒரு பிள்ளையை மெதுவாகச் சுற்றச் சொல்வேன். காகிதம் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நழுவும் அந்த இடம்தான் அஸ்தமனம். நிழல் உலகம் முழுவதும் சுற்றி வரும், ஆனால் காகிதத்துக்கு அது ஒரு சுற்றில் ஒருமுறைதான். மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஓய்வுநாளும் அப்படியே மேற்கு நோக்கி நகர்ந்து ஒவ்வொருவரிடமும் வந்து சேர்கிறது.

உங்கள் நண்பரின் வாதம் சரி என்றால் ஞாயிறையும் ஆசரிக்க முடியாது, எந்தப் பண்டிகையையும் கொண்டாட முடியாது. அதையும் அவரிடம் கேளுங்கள்.

கே: போப் காலண்டரை மாற்றினாரே, அப்போது கிழமை குழம்பவில்லையா?

இல்லை. 1582 அக்டோபர் 4 வியாழன். மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி. தேதிகள்தான் தாண்டின, கிழமை தாண்டவில்லை. 1752இல் பிரிட்டனிலும் இதேதான்: செப்டம்பர் 2 புதன், மறுநாள் செப்டம்பர் 14 வியாழன்.

கே: சூரியனே மறையாத வடக்கு நாட்டில் என்ன செய்வது?

நார்வேயின் ட்ரோம்சோவில் ஏறக்குறைய மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே போவதில்லை. அங்கேயும் அது வானத்தைச் சுற்றுகிறது. நள்ளிரவில் வடக்கே தாழ்ந்து, மறுபடி ஏறுகிறது. நாள் இருக்கிறது, அஸ்தமனம்தான் இல்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. சனியை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையின் முன்னோடிகளில் ஒருவரான ஜோசப் பேட்ஸ் கப்பல் தலைவராக இருந்தவர். பூமத்திய ரேகையில் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கே மறைவதைக் கண்டவர், எல்லா ஊருக்கும் மாலை 6 மணியே தொடக்கம் என்றார். பல ஆண்டுகள் அப்படித்தான் ஆசரித்தார்கள். 1855இல் அவர்களில் ஒருவரான ஜே.என். ஆண்ட்ரூஸ் வேதத்தை ஆராய்ந்து, அஸ்தமனம்தான் எல்லை என்று காட்டினார், சபை மாற்றிக்கொண்டது. அஸ்தமனம் இருக்கிற ஊரில் அதுவே அளவு. இல்லாத ஊரில் ஆறு மணியை வைத்துக்கொள்வது தவறல்ல என்பது என் எண்ணம். ஆளுக்கொரு நேரம் வேண்டாம், அங்குள்ள விசுவாசிகள் ஒன்றுகூடி முடிவு செய்யட்டும்.

கே: அங்கிள், விண்வெளியில் என்றால்? (ஏழாம் வகுப்பு மாணவி)

அங்கே சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு அஸ்தமனம், கண்ணே. ஏழு அஸ்தமனத்துக்கு ஒரு ஓய்வுநாள் என்று எண்ணினால் பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துவிடும்! 2003இல் கொலம்பியா விண்கலத்தில் போன இஸ்ரேல் வீரர் இலான் ரமோன், புறப்பட்ட இடமான கேப் கனாவெரல் நேரத்தையே பின்பற்றினார். அது சரியான தீர்வு.

கே: தோத்திரம் ஐயா. சரக்குக் கப்பலில் வேலை. பசிபிக்கில் கிழக்கே போகையில், தேதி மாறும் இடமான தேதிக்கோட்டைத் தாண்டினால் சில சமயம் சனி இரண்டு முறை வருகிறது. எதை ஆசரிப்பது?

உங்கள் குழப்பத்துக்கு வயது ஐந்நூறு. மகெல்லனின் பயணத்தில் மிஞ்சியவர்கள் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவை அடைந்தபோது கப்பல் குறிப்பில் புதன், கரையில் வியாழன். ஒரு நாளும் விடாமல் எழுதி வந்ததாக, அந்தப் பயணத்தைக் குறிப்பெடுத்த பிகாஃபெட்டா திகைக்கிறார். தவறு எழுதியதில் இல்லை. மேற்கு நோக்கியே உலகைச் சுற்றியதால் சூரியன் அவர்களுக்கு ஒருமுறை குறைவாக மறைந்திருந்தது.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு டிசம்பர் வெள்ளி இரவு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிட்னிக்கு விமானம். ஓய்வுநாள் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து ஏறினேன். இரவோடு சேர்ந்தே பறந்தோம், விடியவே இல்லை. ஒருவழியாகச் சன்னல் மறைப்பின் ஓரத்தில் ஒரு செம்மை தெரிந்தது. மறைப்பைத் தூக்கினால் ஞாயிறு. சனிக்கிழமைப் பகலை நான் பார்க்கவேயில்லை. அன்று சிட்னியில் சூரியன் மறையும்வரை ஓய்ந்திருந்தேன், ஏனென்றால் என் கண்முன் அந்த நாள் அப்போதுதான் முடிந்தது. அதன்பின் அந்த ஊர்ச் சனியோடு சேர்ந்துகொண்டேன். இனி வெள்ளி இரவில் அந்தத் திசையில் பயணச்சீட்டு வாங்குவதில்லை.

உங்களுக்கு நேர் எதிர் நிலை. முடிந்தால் இரண்டு சனியையும் ஆசரியுங்கள். வேலை விடாது என்றால், முழுமையாக ஒன்றை ஆசரித்த மனதோடு இரண்டாவதில் அவசியமான பணியைச் செய்யுங்கள். கரை இறங்கியதும் கரையின் சனி.

கே: என் தங்கை வேலைக்காகச் சமோவாவின் ஆப்பியாவுக்குப் போகிறாள். அங்கே ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபை ஞாயிறு கூடுகிறதாம், பிரிந்த சிலர் சனி கூடுகிறார்களாம். எங்கே போகச் சொல்ல?

இதுதான் கடினமான கேள்வி. பூமி உருண்டை என்பதால் அல்ல, தேதிக்கோட்டை மனிதர் நகர்த்துவதால். 1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீன்விச்சை முதல் தீர்க்கரேகையாக ஏற்றது, ஆனால் தேதிக்கோட்டை எந்த ஒப்பந்தமும் கட்டிப்போடவில்லை. 1892இல் அமெரிக்க வணிகத்துக்காகச் சமோவா ஜூலை 4ஐ இருமுறை வைத்தது. 2011இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வணிகத்துக்காக டிசம்பர் 30 வெள்ளியையே விட்டுவிட்டது. வியாழன் இரவு படுத்தவர்கள் சனியன்று எழுந்தார்கள்.

ஞாயிறு கூடுகிறவர்கள் எண்ணிக்கையை விடவில்லை. வியாழனுக்கு மறுநாள் ஆறாம் நாள், அதற்கு அடுத்தது ஏழாம் நாள். அரசு அதற்கு ஞாயிறு என்று பெயர் வைத்தது. சுமார் 125 கி.மீ. தள்ளி அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோ இருக்கிறது. அங்கே சனிக்கிழமை ஆராதனை நடக்கும் அதே மணியில்தான் ஆப்பியாவில் ஞாயிறு ஆராதனை. சனி கூடுகிறவர்களோ 1892இல் கெட்டது 2011இல் சரியானது என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

யூதர்களுக்கும் இது நேர்ந்தது. 1941இல் ஜப்பானின் கோபேயில் தஞ்சமிருந்தவர்கள், அங்கே எந்த நாளை ஆசரிப்பது என்று எருசலேமுக்கு எழுதிக் கேட்டார்கள். பெரியவர்களின் பதில்களே முரண்பட்டன. இரண்டு நாளும் ஆசரித்தவர்கள் உண்டு.

தங்கை இரண்டு கூட்டத்தாரையும் சந்தித்து, அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். நானாக இருந்தால் எண்ணிக்கை விடாதவர்களோடு உட்காருவேன். ஆனால் அவள் சனியைத் தேர்ந்தால் அவளிடம் வாதாட மாட்டேன், நீங்களும் வாதாட வேண்டாம். எந்த நாளானாலும் முந்தின மாலை சூரியன் மறையும் முன்பே வேலையிலிருந்து வந்துவிடும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அதைப் போவதற்கு முன்பே செய்ய வேண்டும்.