கண்ணுக்குச் சாம்பல், கேமராவுக்குப் பச்சை

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்குச் சென்று, தகாய்னா மழைக்காட்டில் ஒளிரும் பேய்க்காளான்களைப் படமெடுத்தேன். கண்ணுக்குச் சாம்பலாகத்தான் தெரிந்தது; படத்திலோ அடர்பச்சை. அப்படியானால் இந்தப் படங்கள் பொய்தானா? கோணம் அமையாததால் இரண்டைப் பறித்துப் பாசிமேல் வைத்து எடுத்தேன். படங்களை இணைத்திருக்கிறேன். எந்த லென்ஸ் நல்லது?

சிவகுமார்

அன்புள்ள சிவகுமார்,

பொய்யில்லை. அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. ஷட்டரை அரை நிமிடம் திறந்துவைத்தால் கேமரா பச்சையைச் சேர்த்துக்கொள்கிறது. லென்ஸ் எதுவானாலும் சரி, முக்காலி அசையக் கூடாது.

மூன்றாவது படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் வழியே பச்சை தண்டில் இறங்குகிறது. அபாரம். பிறகுதான் கிள்ளப்பட்ட அடித்தண்டு கண்ணில் பட்டது. எப்படி ஐயா மனம் வந்தது? பூஞ்சை மரத்துக்குள் உயிரோடுதான் இருக்கிறது என்பீர்கள். தெரியும். ஆனால் அது வித்துகளைத் தூவுவதற்காக எழுப்பிய உறுப்பை நீங்கள் கிள்ளிவிட்டீர்கள். கோணம் அமையவில்லையா, ஈரமண்ணில் படுங்கள். அப்போதும் அமையவில்லையா, படமில்லாமல் திரும்புங்கள். காட்டில் எடுக்கும் படம் சாட்சி. ஜோடித்த சாட்சியை யார் நம்புவார்கள்?

டாஸ்மேனியாவின் படக்கலைஞர்களைப் பற்றித்தான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒலேகாஸ் ட்ருச்சனாஸின் வீடும் ஸ்லைடுகளும் 1967 காட்டுத்தீயில் எரிந்தன. மனிதர் மறுபடி நடந்தார், மறுபடி எடுத்தார், பெடர் ஏரியைக் காப்பாற்ற அவற்றை மக்களிடம் திரையிட்டுக் காட்டினார். 1972 ஜனவரியில் கார்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அதே ஆண்டில் ஏரியும் அணைநீரில் மூழ்கியது. அவருடைய உடலைக் கண்டெடுத்தவர் அவரிடம் பயின்ற பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ். பிராங்க்ளின் ஆற்றின் வளைவில் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள்: மேலே மூடுபனி, ஆற்றின் நடுவே மரம் முளைத்த பாறை, அதைச் சுற்றி இழுபடும் வெண்ணுரை. அந்த ஆற்றை மூழ்கடிக்கவிருந்த அணைக்கு எதிராக, 1983 தேர்தலில் அது முழுப்பக்க விளம்பரமாக வந்தது. ஜூலையில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அணைக்குத் தடை போட்டது. படம் மட்டும் வென்றது என்று சொல்லமாட்டேன். அணைக்கு எதிராக மறியல் செய்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ஆனால் அந்த ஆற்றை நேரில் பார்த்தேயிராத லட்சக்கணக்கானோர், படத்தில் இருப்பது அங்கே அப்படியே இருக்கிறது என்று நம்பினார்கள்.

தகாய்னாவில் இன்றும் மரம் வெட்டுகிறார்கள். அந்தக் காட்டுக்கும் சாட்சி வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கண்ணும் பொறுமையும் இருப்பதால்தான் இவ்வளவு கோபப்படுகிறேன். அடுத்த முறை விளக்கையும் செல்போனையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள், கண் பழகட்டும். எடுத்ததை எனக்கு அனுப்புங்கள். பறித்து வைத்து எடுத்ததென்றால் அனுப்ப வேண்டாம்.