அடுத்த கொள்ளைநோய் எப்போ வரும், லோன் எடுக்கலாமா?

வணக்கம் அண்ணே,

எனக்கு ஊரு மண்டபம் பக்கம், பேரு போட வேணாம். நண்டு வாங்கி அவிச்சு கம்பெனிக்கு குடுக்குற யாவாரம், அப்பா காலத்துலருந்து பாக்குறோம். 2020-ல லாக்டவுன் போட்டப்ப ஏத்துமதி நின்னு போய், அவிச்ச நண்ட வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு நாள் முழிச்சுட்டு கடைசில குழி தோண்டி புதைச்சோம். இப்ப ஷெட்ட பெருசாக்கி ஃப்ரீசர் வைக்கலாம்னு 10 வருஷ லோன் கேட்ருக்கேன். அம்மா வேணவே வேணாங்குது, திரும்ப அது வந்தா என்னடா செய்வன்னு கேக்குது. மச்சான் என்னடான்னா 1918-ல ஸ்பானிஷ் ஃப்ளூ வந்துச்சு, 2020-ல கொரோனா வந்துச்சு, நூறு வருஷத்துக்கு ஒருக்கா தான், அடுத்தது நம்ம பேரப்புள்ளைக காலத்துல பாத்துக்கலாங்குறாரு. யூடியூப்ல ஒருத்தர் 25 வருஷத்துக்குள்ள வர்றதுக்கு பாதிக்குப் பாதி சான்ஸுங்குறார். இதெல்லாம் எப்படிண்ணே கணக்குப் போடுறாங்க? சயின்ஸா, ஜோசியமா? நான் யார நம்புறது?

தம்பிக்கு,

அம்மா பயப்படுறது நியாயம், அத மொதல்ல சொல்லிடுறேன். குழி தோண்டி புதைச்சத பக்கத்துல நின்னு பாத்தவங்க அவங்க.

மச்சான் கணக்குல ரெண்டு ஓட்டை இருக்கு. 1918-க்கும் 2020-க்கும் நடுவுல ஒண்ணுமே வரலன்னு நெனைக்கிறார். 1957-ல ஆசியன் ஃப்ளூ வந்துச்சு, சிங்கப்பூர்லருந்து வந்த கப்பல் மூலமா மெட்ராஸ்ல எறங்குச்சு. 1968-ல ஹாங்காங் ஃப்ளூ. இது ரெண்டுலயும் உலகம் பூரா ஒவ்வொண்ணுக்கும் பத்து லட்சம் பேர் அளவுக்கு செத்துருப்பாங்கன்னு சொல்றாங்க. 1981-ல எய்ட்ஸ கண்டுபுடிச்சாங்க, அதுல இன்னைக்கு வரைக்கும் 4 கோடி பேருக்கு மேல போயிட்டாங்க. 2009-ல பன்றிக் காய்ச்சல். நூறு வருஷத்துக்கு ஒண்ணுங்குறது நம்ம ஞாபகத்துல தங்குனத மட்டும் எண்ணுன கணக்கு.

ரெண்டாவது ஓட்டை தான் பெருசு. நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு ஒரு விஞ்ஞானி சொன்னா அவர் தவணை சொல்லல, ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு சொல்றார். போன வருஷம் வந்துச்சா வரலையாங்குறது இந்த வருஷத்துக்குத் தெரியாது. தாயக்கட்டை உருட்டுறீங்க, தாயம் விழுந்துருச்சு, இனி பத்து ஆட்டத்துக்கு விழாதுன்னு கட்டைக்கு யாராச்சும் சொல்லி வச்சுருக்காங்களா, அடுத்த உருட்டுலயே விழும், இல்ல ராத்திரி பூரா உருட்டியும் விழாம போகும்.

இப்ப எப்படி கணக்குப் போடுறாங்கன்னு கேட்டீங்க. ஒரு வழி, பழைய பேரேட்ட எடுத்து எண்றது. இத்தாலில பதுவா பல்கலைக்கழகத்துல மார்க்கோ மரானின்னு ஒருத்தர், அவர் கூட இன்னும் சிலர், நானூறு வருஷத்து கொள்ளைநோய் கணக்கெல்லாம் சேத்து வச்சு, எது எவ்வளவு பெருசு, எவ்வளவு இடைவெளின்னு பாத்து 2021-ல வெளியிட்டாங்க. கோவிட் அளவுக்கு ஒண்ணு வர்றதுக்கு வருஷத்துக்கு ஏறக்கொறைய 2 சதவீதம்னு அதுல வந்துச்சு. இன்னொரு வழி, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய் உலகத்த உண்டாக்கி, எந்த காட்டுல எந்த மிருகத்துலருந்து கிருமி தாவும், தாவுனது எந்த ஃப்ளைட்ல ஏறி எங்க போகும்னு லட்சக்கணக்குல ஓட்டிப் பாக்குறது. மெட்டாபயோட்டாங்குற கம்பெனி அப்படி ஓட்டிப் பாத்ததுல வருஷத்துக்கு 2.5-லருந்து 3.3 சதவீதம்னு வந்துச்சு. யூடியூப்காரர் சொன்ன பாதிக்குப் பாதி இதுலருந்து வந்தது தான், அத 25 வருஷத்துக்கு பெருக்குனா 47-லருந்து 57 சதவீதம் வரைக்கும் வரும்.

எப்படி பெருக்குறதுன்னா, வராம இருக்குற வாய்ப்ப புடிச்சுக்கங்க. வருஷத்துக்கு 2 சதவீதம் வரும்னா 98 சதவீதம் வராது. ரெண்டு வருஷம் சேந்தாப்ல வராம இருக்கணும்னா 98-ல 98 சதவீதம், 96 சொச்சம். இப்படியே பத்து வருஷம் பெருக்கிட்டு போனா வராம இருக்க 82 சதவீதம், வர்றதுக்கு 18. வருஷத்துக்கு 3 சதவீதம்னு வச்சா பத்து வருஷத்துல 26. உங்க லோனுக்கு உண்டான நம்பர் இது தான், அஞ்சுல ஒரு பங்குலருந்து நாலுல ஒரு பங்கு வரைக்கும்.

ஆனா இந்த நம்பர கல்லுல வெட்டுனது மாதிரி எடுத்துக்காதீங்க. பெரிய கொள்ளைநோய்னு எண்ணுறதுக்கு கையில இருக்குறதே கொஞ்சம் தான், கொஞ்சத்த வச்சு போடுற கணக்கு ஆடத்தான் செய்யும். அதோட பழைய உலகம் வேற, இப்ப உள்ள உலகம் வேற. இதுக்கு நீங்க தூரமா போகவே வேணாம், மண்டபம் கேம்ப்னு பஸ் ஸ்டாப் பேரு இருக்குல்ல, இப்ப அகதிக முகாமா இருக்குற எடம், அது வெள்ளக்காரன் காலத்துல எதுக்கு கட்டுனது? சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போற நம்ம சனங்கள அங்க நிறுத்தி வச்சு, காலரா பிளேக்கு அம்மைன்னு எதுவும் இல்லன்னு பாத்துட்டு தான் கப்பல் ஏத்துனாங்க. அந்த சனங்கள நடத்துன விதம் கொடுமை, அத தனியா ஒரு நாள் எழுதணும், ஆனா நோய் வெளிய தெரியிறதுக்கு நாளு குடுக்கணுங்குற யோசனை சரி தான். இன்னைக்கு மதுரைல காலைல ஃப்ளைட் ஏறுனா சாயங்காலத்துக்குள்ள துபாய்ல நிக்கலாம், காய்ச்சல் அதுக்கப்புறம் நாலு நாள் கழிச்சு தான் வரும். நானூறு வருஷத்து பேரேட்டுல முக்கால்வாசி ஃப்ளைட் இல்லாத காலம். காட்டுக்குள்ள மனுசன் போய் நெருங்கி வாழ்றதும் கூடிருச்சு. அதனால தான் மரானி ஆளுங்களே வரப்போற காலத்துல இந்த வாய்ப்பு மூணு மடங்கு வரைக்கும் ஏறலாம்னு சேத்து எழுதுனாங்க.

அப்ப ஆடுற நம்பர வச்சு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பாம்பன்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்துறாங்க. தூரத்துல கடல்ல காத்தழுத்தம் உருவாயிருக்குன்னு அர்த்தம், புயல் பாம்பனுக்கே வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. எத்தனையோ தடவ அது ஆந்திரா பக்கம் திரும்பி போயிருது. அதுக்காக ஆபீசர் பொய் சொல்லிட்டார்னு எந்த படகுக்காரராச்சும் சண்டைக்குப் போயிருக்காரா? கூண்டு ஏறுனா படகுக்கு ரெண்டாவது கயிறு கட்டுறோம், வலைய மேல ஏத்தி வைக்கிறோம், காத்து வரலன்னா கயிற அவுத்துட்டு தொழிலுக்குப் போறோம், அவ்வளவு தான். சதவீதமும் அது மாதிரி ஒரு கூண்டு தான் தம்பி. எந்த தேதின்னு கேட்டா அது ஜோசியம், எத்தன கயிறு கட்டணும்னு கேட்டா சயின்ஸு.

புயல விட ஒரு விதத்துல நமக்கு இது தோதும் கூட. காத்த நம்ம தடுக்க முடியாது, நோயோட வாய்ப்ப கொறைக்க முடியும். 1997-ல ஹாங்காங்ல பறவைக் காய்ச்சல் 18 பேருக்கு வந்து 6 பேர் செத்தாங்க. அந்த வருஷக் கடைசில ஊர்ல இருந்த கோழி அத்தனையும், பத்து லட்சத்துக்கு மேல, சில நாள்ல அழிச்சாங்க, அங்க அதோட நின்னுச்சு. கோழிக்காரங்களுக்கு எவ்வளவு நஷ்டம், ஆனா அன்னைக்கு யாரும் தயங்கிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா எனக்கு இப்பயும் ஒரு மாதிரி இருக்கு. அதே வகைக் கிருமி தான் இன்னைக்கு உலகம் பூரா காட்டுப் பறவைல சுத்துது, 2024-ல அமெரிக்கால கறவை மாட்டுக்கே வந்துருச்சு. மனுசன்லருந்து மனுசனுக்கு தொடர்ச்சியா இன்னும் பரவல.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு சொல்லணும். 2021 பிப்ரவரில எங்க சின்னம்மா மகன் கல்யாணம் வச்சான். மொத அலை முடிஞ்சுருச்சு, வந்துட்டு போயிருச்சு, இனி வராதுன்னு எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன், பந்தில ஒருத்தர் முகத்துலயும் மாஸ்க் இல்ல. மே மாசம் அவன ஆட்டோல வச்சுக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல விடியக்காலம் மூணு மணிலருந்து நின்னோம், பெட் இல்லன்னுட்டாங்க. ஆட்டோ சீட்டுல சாஞ்சு உக்காந்து வாயத் தொறந்து தொறந்து மூச்சு இழுத்தான், கைல கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம் லூசாகி கழண்டு கீழ விழுந்துச்சு, அத எடுத்து என் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். ஏழு மணிக்கு ஒரு பெட் கெடச்சப்ப அவன் இல்ல. வந்துட்டு போயிருச்சுங்குற வார்த்தைய யார் சொன்னாலும் எனக்கு அந்த ஆட்டோ தான் ஞாபகம் வருது. உங்க மச்சான் சொல்றதும் அதே வார்த்தை தான்.

லோன் எடுங்க தம்பி. ஏறக்கொறைய நாலுல மூணு பங்கு வராம இருக்க வாய்ப்பு இருக்குறப்ப பயந்து தொழில விடக்கூடாது. ஆனா ரெண்டாவது கயிறு கட்டிட்டு எடுங்க. ஃப்ரீசர் மொத வைங்க, ஷெட்டு அப்புறம் பெருசாகட்டும், ஏன்னா 2020-ல உங்களுக்கு ஃப்ரீசர் இருந்துருந்தா அந்த நண்ட புதைச்சுருக்க மாட்டீங்க. ஒரே கம்பெனி, ஒரே நாட்டு ஏத்துமதின்னு நிக்காம மதுரை, சென்னைல வாங்குற ஆள் ரெண்டு பேர புடிச்சு வைங்க, வெல கொறைவா இருந்தாலும் பரவால்ல. நண்டு உடைக்க வர்ற பொம்பளைகளுக்கும் உங்களுக்குமா சேத்து ஆறு மாசத் தவணைக்கும் கூலிக்கும் ஆகுற பணத்த தொடாம ஓரமா வைங்க. தடைக்காலத்து 61 நாளுக்கு நம்ம வீட்டு பொம்பளைக அரிசிப் பானைக்குள்ள ஒதுக்கி வைக்கிறாங்கல்ல, அதே பழக்கம் தான், கொஞ்சம் பெரிய பானை.

அப்புறம், தனுஷ்கோடி பக்கம் பூநாரை வர்ற நேரம் ஏதாச்சும் பறவைக நாலஞ்சு சேந்தாப்ல செத்துக் கெடந்தா கைய வைக்காதீங்க, கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுருங்க. வீட்ல கோழி கூட்டமா செத்தாலும் அப்படித்தான்.

இத அம்மாவுக்கு வாசிச்சு காட்டுங்க, அந்த 18 சதவீதக் கணக்க பேப்பர்ல போட்டே காட்டுங்க, அவங்களுக்குப் புரியும். ஃப்ரீசர் வந்து எறங்குற அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வர்றேன்.