முட்டை அட்டையில போட்ட நாத்து ஏன் சாயுது?

கேள்வி: குளிர் சீசன்லயே தக்காளி, மிளகாய், கத்திரி விதை போட்டு நாத்து ரெடி பண்ணிடலாம்னு பார்க்கிறேன். போன தடவை முட்டை அட்டையில போட்டேன், முளைச்சு ரெண்டு இலை விட்ட கையோட ஒண்ணொண்ணா சாஞ்சிடுச்சு. இப்போ வீட்ல காலி தயிர் டப்பா, சின்ன மண் தொட்டி, பேப்பர் கப் இருக்கு. எதுல போடட்டும்?

பதில்: தயிர் டப்பா. யோசிக்கவே வேண்டாம்.

முட்டை அட்டை போட்டோவுக்குத்தான் அழகுங்க. ஒரு குழியில கைப்பிடி மண்ணுகூட பிடிக்காது, அட்டை வேற தண்ணிய உறிஞ்சிக்கும், அதனால ஒண்ணு காலைல ஊத்துனது சாயங்காலம் காஞ்சு கிடக்கும், இல்ல காஞ்சுடுமோன்னு நீங்க ஊத்தி ஊத்தி சேறாகிடும். சாஞ்ச நாத்தோட தண்டு மண்ணை ஒட்டி நூல் மாதிரி மெலிஞ்சு பழுப்பா இருந்துச்சான்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. இருந்திருந்தா அது நாத்தழுகல். பித்தியம் மாதிரி பூஞ்சை வகையறா பண்ற வேலை, ஈரமும் குளிரும் சேர்ந்துட்டா அதுக்குக் கொண்டாட்டம்.

மண் தொட்டி வெயில் காலத்துக்கு நல்லதுதான், ஆனா பானைத் தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கு? சுவர் வழியா ஈரம் ஆவியாகுறதாலதானே, அதேதான் தொட்டியிலயும் நடக்கும், ஏற்கனவே குளிர்ல இருக்கிற விதைய இன்னும் குளிர வச்சுடும். மிளகாயும் கத்திரியும் 25லேருந்து 30 டிகிரி சூடு இருந்தாத்தான் சுறுசுறுப்பா முளைக்கும், தக்காளி 20 டிகிரிலயே வந்துடும். 15க்குக் கீழ போச்சுன்னா விதை சும்மா மண்ணுக்குள்ள ஊறிட்டே கிடக்கும். அதனால டப்பாவ வீட்லயே கதகதப்பான இடத்துல வைங்க, முளை தலை காட்டுன அன்னிக்கே வெளிச்சத்துக்கு மாத்திடுங்க. ஒரு நாள் லேட் பண்ணாலும் நெடுநெடுன்னு வளர்ந்து வளைஞ்சுடும், நான் எத்தனையோ தடவை இதுல கோட்டை விட்டிருக்கேன்.

டப்பா 6லேருந்து 8 செ.மீ. ஆழம் இருந்தா போதும். அடியில நாலஞ்சு ஓட்டை கட்டாயம், ஆணிய சுட்டு குத்துனா பிளாஸ்டிக் விரிசல் விடாம இறங்கும். பழைய டப்பான்னா கழுவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து 10 நிமிஷம் ஊற வச்சு அலசிடுங்க. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போடாதீங்க, கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சலிச்ச மண்புழு உரமும் கலந்தது போதும். தண்ணிய மேல ஊத்தாம தட்டுல ஊத்தி டப்பாவ அதுல வைங்க, அரை மணி நேரத்துல மிச்சத்தைக் கொட்டிடணும். மூடி போட்டு வைக்கிறதெல்லாம் முளைக்கிற வரைக்கும்தான்.

கேள்வி: பேப்பர் கப்போடயே மண்ணுல நட்டுடலாமா? மக்கிடும்னு சொல்றாங்களே.

பதில்: உள்ள விரலை விட்டுத் தேய்ச்சுப் பாருங்க, வழவழன்னு இருக்கா? அது பிளாஸ்டிக் பூச்சு, சீக்கிரத்துல மக்காது, வேர் உள்ளயே சுத்திக்கிட்டு நிக்கும். அடியையும் பக்கத்தையும் கிழிச்சுட்டு நடுங்க. நியூஸ்பேப்பர்ல சுருட்டி செஞ்ச கப்னா அப்படியே நடலாம். வெள்ளரி, பூசணி மாதிரி வேரைத் தொட்டாலே கோவிச்சுக்கிற கொடிகளுக்கு அதுதான் சரி. ஒரு விஷயம், விளிம்பு மண்ணுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா விளக்குத்திரி மாதிரி ஈரத்தை வெளிய இழுத்துடும், முழுசா புதைச்சுடுங்க. தக்காளிய இன்னும் ஆழமாவே நடலாம், தண்டுலேருந்தும் வேர் விடும். கேரட்டும் முள்ளங்கியும் எந்தக் கப்பும் வேண்டாம், நேரா நிலத்துலதான், எடுத்து நட்டா கிழங்கு கோணிக்கும்.

கேள்வி: நாங்க இருக்கிற இடத்துல பனி கொட்டும், வீட்டுக்குள்ள வைக்க ஜன்னலோரமும் இல்ல. வெளிய வச்சு முளைக்க வைக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு, உள்ள வெளிச்சம் போற மாதிரி பெரிய தண்ணி கேன் ஒண்ணு எடுத்துக்கோங்க. நடுவுல ஒரு ஓரம் மட்டும் விட்டு சுத்தி வெட்டுனா பெட்டி மாதிரி திறக்கும். அடியில ஓட்டை, உள்ள 8லேருந்து 10 செ.மீ. மண், விதை போட்டு நனைச்சு, வெட்டுன இடத்தை டேப் ஒட்டி வெளிய வச்சுடுங்க. கேன் வாயில இருக்கிற மூடிய மட்டும் கழட்டிடணும், அதுதான் காத்துக்கு வழி, பனியும் மழையும் அது வழியாவே உள்ள இறங்கும். முட்டைக்கோஸ், பாலக்கீரை, லெட்டூஸ், வெங்காயம் மாதிரி குளிர் தாங்குறதுக்கு இது போதும், சூடு திரும்புறப்போ அதுவா முளைச்சு வரும். மிளகாய இதுல போட்டுட்டு எனக்கு மறுபடி லெட்டர் எழுதாதீங்க.