தண்ணீரே இல்லாத பூல்கள்

தம்பி, டொரண்டோ வந்த மூன்று மாதத்தில் ‘பூல்’ (pool) என்ற ஒரே சொல் நாலு பக்கத்திலிருந்தும் வந்து முழிக்க வைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விண்ணப்பித்த மத்திய அரசுத் துறையிலிருந்து ‘உங்களைப் பூலில் சேர்த்திருக்கிறோம்’ என்று மின்னஞ்சல். ஆபீஸில் ‘பூலுக்கு வருகிறாயா?’ என்று கேள்வி. நெடுஞ்சாலையோரம் ‘கார்பூல் லாட்’ என்று பலகை. வாடகை வீட்டு ஓனரோ ‘மாதக் கடைசியில் பூலை மூட ஆள் வரும்’ என்கிறார். இந்த நாலில் தண்ணீர் இருப்பது கடைசி ஒன்றில் மட்டும்தான்.

எழுத்து ஒன்றானாலும் இவை இரண்டு தனிச் சொற்கள். நீர் தேங்கி நிற்கும் பூல் பழைய ஆங்கிலச் சொல். மற்றது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கோழி என்று பொருள், சூதாட்டத்தில் நடுவில் குவிக்கும் பந்தயப் பணத்துக்கும் அதே பெயர். எல்லாரும் போட்டு, ஜெயித்தவர் அள்ளுவது. தண்ணீர் சம்பந்தமில்லாத இடத்தில் இந்தச் சொல் காதில் விழுந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் போடுகிறார்கள், யார் எடுக்கிறார்கள், எந்தத் தேதி வரை? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் உங்கள் மின்னஞ்சல். அரசு வேலையில் பூல் என்றால் தேர்வு, நேர்காணல் தாண்டித் தகுதி பெற்றவர்களின் பெயர்க் குவியல். மேலாளர்கள் தங்கள் பிரிவில் இடம் காலியாகும்போது அதிலிருந்து ஆள் எடுப்பார்கள். இது வேலை உத்தரவு அல்ல; ‘லெட்டர் ஆஃப் ஆஃபர்’ கைக்கு வரும்வரை இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். இது வரிசையும் அல்ல. முதலில் சேர்ந்தவரை முதலில் கூப்பிட வேண்டும் என்று ஒன்றும் இல்லை, யாருடைய அனுபவம் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதோ அவருக்குத்தான் அழைப்பு. ‘இன்வென்டரி’ என்று எழுதியிருந்தால் அது இன்னும் கீழ்ப்படி: விண்ணப்பத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள், மதிப்பிடவில்லை.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதி நாலு விஷயம் கேட்டு வாங்குங்கள். பூல் எந்தத் தேதியில் காலாவதியாகிறது? முழுத் தகுதியா, பகுதித் தகுதியா? எந்தப் பணிநிலைக்கு? முகவரியோ மின்னஞ்சலோ மாறினால் யாரிடம் சொல்வது? பழைய மின்னஞ்சலுக்கு அழைப்பு போய், பதில் வராததால் அடுத்தவருக்கு வாய்ப்பு போவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் விபத்து. வேறு துறையில் அதே நிலைப் பணி வந்தால், ‘நான் இந்தப் பூலில் இருக்கிறேன்’ என்று அதன் எண்ணைக் குறிப்பிட்டு அந்த மேலாளருக்கு நீங்களே எழுதலாம். சும்மா காத்திருப்பதைவிட அது பலன் தரும்.

தனியார் நிறுவனம் ‘எங்கள் டேலன்ட் பூலில் வைத்துக்கொள்கிறோம்’ என்றால் அது பெரும்பாலும் மரியாதையான ‘இல்லை’. நன்றி சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போங்கள்.

ஊரிலிருக்கும் உங்கள் தம்பிக்காக, கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2015 ஜனவரியில் தொடங்கிய அந்த முறையிலும் இதே கதைதான். விவரம் பதிந்து தகுதி இருந்தால் ‘பூலுக்குள்’ போகிறார், 1200-க்கு மதிப்பெண், அவ்வப்போது நடக்கும் ‘டிரா’வில் மேலே இருப்பவர்களுக்கு அழைப்பு. டிரா என்றாலும் குலுக்கல் இல்லை, மதிப்பெண் வரிசைதான். கட்-ஆஃபில் பலர் சமமாக நின்றால் முன்னால் பதிந்தவருக்கு முன்னுரிமை. பதிவு 12 மாதம் செல்லும். காலாவதியானால் புதிதாகப் பதிய வேண்டும், பழைய தேதியின் சாதகமும் போய்விடும். அழைப்பு வந்தால் 60 நாளில் முழு விண்ணப்பம் போட வேண்டும்.

ஆபீஸ் பூலில் இரண்டு வகை. ஏப்ரல் வாக்கில் கேட்டால் அது பெரும்பாலும் ஹாக்கி (இங்கே ஐஸ் ஹாக்கி) பூல்: ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, சீசன் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் ஆடும் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, அவர்கள் அடிக்கும் கோலுக்கும், கோலுக்கு உதவும் அசிஸ்டுக்கும் புள்ளி. ஹாக்கி தெரியாவிட்டாலும் சேரலாம், பேச்சுத்துணைக்கு நல்ல வழி. மற்ற நாளில் கேட்டால் லாட்டரி பூல்: எல்லாரும் பணம் போட்டுச் சேர்ந்து டிக்கெட் வாங்குவது. லாட்டோ மேக்ஸ் குலுக்கல் செவ்வாய், வெள்ளி. பரிசு பெரிதாகிவிட்டால் கடைசிவரை ஒதுங்கியிருந்தவரும் ‘ஐ ஆம் இன்’ என்பார். சேர விருப்பமில்லையென்றால் ‘ஐ வில் பாஸ்’ போதும், காரணம் சொல்ல வேண்டாம்.

சேர்ந்தால் நம் ஊர்ச் சீட்டு போலக் கணக்கைக் கறாராக வையுங்கள். ஒருவர் கேப்டன். குலுக்கலுக்கு முன்பே பெயர், தொகை, தேதி எழுதிய பட்டியலும் டிக்கெட்டின் புகைப்படமும் எல்லாருக்கும் போக வேண்டும். சண்டை வருவது ஒரே இடத்தில்தான்: வாராவாரம் போடுபவர் ஒரு வாரம் லீவு, பணம் தரவில்லை, அந்த வாரம் பரிசு விழுகிறது. அவருக்குப் பங்கு உண்டா? சின்னப் பரிசு விழுந்தால் பிரிப்பதா, அடுத்த டிக்கெட்டுக்குப் போடுவதா? இரண்டையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். கேப்டன் தனக்கென வாங்கும் டிக்கெட்டும் தனியாக இருக்க வேண்டும்.

கார்பூல் என்பது ஒரே திசையில் போகிறவர்கள் ஒரு காரில் போவது. ‘கார்பூல் லாட்’ நெடுஞ்சாலை இறங்கும் இடங்களில் மாகாணம் வைத்திருக்கும் இலவச நிறுத்தம்: உங்கள் காரை அங்கே விட்டு நண்பரின் காரில் ஏறிக்கொள்ளலாம். வைரக் குறி போட்ட எச்ஓவி (ஒன்றுக்கு மேற்பட்டவர் போகும் வண்டிகளுக்கான) தடத்தையும் பலர் கார்பூல் லேன் என்றே சொல்வார்கள். ஓட்டுநரோடு சேர்த்து இரண்டு பேராவது இருக்க வேண்டும். அதற்கும் பக்கத்துத் தடத்துக்கும் நடுவே வரிவரியாகக் கோடு போட்ட இடைவெளியைக் குறுக்கே தாண்டி உள்ளே நுழைவதும் வெளியே வருவதும் குற்றம்; ஒன்டாரியோவில் 110 டாலர் அபராதமும் ஓட்டுநர் பதிவில் ஏறும் மூன்று டிமெரிட் (தண்டனைப்) புள்ளியும். பெட்ரோல் செலவைப் பங்கு போடுவது வேறு, லாபத்துக்கு ஆள் ஏற்றுவது வேறு. பின்னதை உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்து, விபத்து நடந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும்.

‘லெட்ஸ் ஷூட் பூல்’ என்றால் மேசை. ஆறு குழி, வெள்ளைப் பந்து போக 15 பந்து. ஊரில் இதையே நாம் பில்லியர்ட்ஸ் என்றும் ஸ்னூக்கர் என்றும் கலந்து சொல்வோம். இங்கே ஸ்னூக்கர் என்றால் 22 பந்து ஆடும் பெரிய மேசை. குதிரைப் பந்தயப் பணம் கட்டும் இடங்களை முன்பு பூல்ரூம் என்றார்கள். பந்தயங்களுக்கு நடுவே பொழுது போக மேசை போட்டார்கள், பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. யாராவது ‘தட்ஸ் டர்ட்டி பூல்’ என்றால் மேசை அழுக்கு என்று துடைக்கப் போகாதீர்கள். ‘அது அநியாய ஆட்டம்’ என்று பொருள்.

இனி உங்கள் வீட்டு ஓனர். ‘பூலை மூடுவது’ என்றால் மேலே தார்ப்பாய் போடுவது மட்டுமல்ல, குளிருக்குத் தயார் செய்வது. நீரின் ரசாயன அளவைச் சரிசெய்து, மட்டத்தை, மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறக்கி, குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றி, அடைப்பான் போட்டு, பம்ப், ஃபில்டர், ஹீட்டரை வடித்து, கடைசியில் மூடி போடுவார்கள். குழாயில் தண்ணீர் தங்கினால் உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும்; மே மாதம் திறக்கும்போதுதான் தெரியும். உறையாமல் இருக்கக் குழாயில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் திரவம் பூலுக்கானதாக இருக்க வேண்டும், காருக்கானது விஷம். முழுக்க வடித்துவிடுவதும் தவறு: நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளித் தொட்டியின் அடியையே பெயர்க்கும். வாடகை ஒப்பந்தத்தில் இந்தத் திறப்பு, மூடல் செலவு யாருடையது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வேலிக் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் கல் வைத்துத் திறந்து போடுவது மன்னிக்க முடியாத சோம்பேறித்தனம்.

நீர்ப் பொருளில் வரும் மற்ற சொற்சேர்க்கைகளில் சிக்கலே இல்லை. குழந்தைகள் கால் நனைப்பது வேடிங் பூல். ‘லேன் ஸ்விம்’ நேரம் நீளவாட்டில் நீந்துபவர்களுக்கு, ‘லெஷர் ஸ்விம்’ சும்மா விளையாட. ‘பை த பூல்’ என்றால் கரையில், ‘இன் த பூல்’ என்றால் தண்ணீருக்குள். நம் செய்தித்தாளின் ‘ரத்த வெள்ளம்’ ஆங்கிலத்தில் வெள்ளமாக ஓடாது, தேங்கி நிற்கும்: ‘பூல் ஆஃப் பிளட்’. தெப்பக்குளத்தை ‘டெம்பிள் டேங்க்’ என்று இங்கே சொன்னால் முதலில் ராணுவ வண்டிதான் நினைவுக்கு வரும்; ‘டெம்பிள் பாண்ட்’ என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.