வாசகர் கேள்வி–பதில்: போட்டியை நடத்துபவரே ஆடலாமா?

கேள்வி: எங்கள் தெரு இளைஞர் மன்றத்தின் சார்பில் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிக் கேரம் போட்டி நடத்துகிறோம். நோட்டீஸ் அடிப்பது, கடைகடையாக ஏறி நன்கொடை வாங்குவது, சீட்டுக் குலுக்குவது, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாமே எங்கள் செயலாளர்தான். எங்கள் பகுதியின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. சென்ற பொங்கலில் அவருடைய அரையிறுதி ஆட்டத்தில் நான்காவது போர்டு (காய்களை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்று) முடிந்தபோது இரவு 10 மணி நெருங்கிவிட்டது. “நேரமாகிவிட்டதால் இனி எல்லா ஆட்டமும் நான்கு போர்டுதான்” என்று மைக்கில் அறிவித்தார். அந்த நேரத்தில் அவர் 14–9 என்று முன்னிலையில் இருந்தார். பிறகு இறுதி ஆட்டத்திலும் வென்று ஷீல்டையும் ரொக்கப் பரிசையும் பெற்றுக்கொண்டார். நடத்துபவர் ஆடவே கூடாது என்று உறுப்பினர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவரோ, “நான் ஆடக் கூடாதென்றால் போட்டியையும் நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்” என்கிறார். யார் சொல்வது சரி?
— மன்றப் பொருளாளர் ஒருவர், குடியாத்தம்

பதில்: உங்கள் செயலாளர் ஆடலாம் என்பதே என் கருத்து. ஆனால் ஆடுகிற நாளில் அவர் மைக்கைத் தொடக் கூடாது.

முதலில் அந்த அரையிறுதியைப் பார்ப்போம். முறைப்படி கேரமில் ஓர் ஆட்டம் என்பது 25 புள்ளிகள் அல்லது எட்டு போர்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அது. ஒரு போர்டில் எதிராளியின் ஒன்பது காய்களும் பலகையில் நிற்க, சிவப்புக் காயான ‘ரெட்’டையும் எடுத்து, அதை உறுதிசெய்ய உடனே தன் காய் ஒன்றை ஃபாலோவாகவும் போட்டு முடிப்பவருக்குக் காய்களுக்கு ஒன்பதும் ரெட்டுக்கு மூன்றுமாகப் பன்னிரண்டு புள்ளிகள் கிடைக்கும். இன்னும் நான்கு போர்டுகள் மீதமிருக்கும் நிலையில் ஐந்து புள்ளி முன்னிலை ஒரே போர்டில் கவிழ்ந்துவிடக்கூடியது. எதிரே உட்கார்ந்திருந்தவர் தோற்றுவிடவில்லை. அவருடைய ஆட்டத்தில் பாதி அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்ற விதி இருப்பதால் செயலாளர் நல்லெண்ணத்தோடு அவசரப்பட்டிருக்கலாம் (கேரம் ஆட மைக் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள், மைக் செட் இல்லாத போட்டியை நம் ஊரில் யாரும் போட்டியாகவே மதிப்பதில்லை). ஆனால் அவருடைய எண்ணம் நல்லதா கெட்டதா என்று எதிராளி ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டிய நிலை வந்ததே தவறு. அதே அறிவிப்பை ஆட்டத்தில் இல்லாத ஒருவர் செய்திருந்தால் தோற்றவர் நேரத்தை நொந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இனி, ஆடவே கூடாது என்பவர்களின் வாதத்துக்கு வருகிறேன். மாநில, தேசிய அளவிலான போட்டிகளில் நடத்துபவர்கள் வேறு, நடுவர்கள் வேறு, ஆட்டக்காரர்கள் வேறு. அங்கே அது சாத்தியம், தேவையும்கூட. தெருப் போட்டியின் நிலைமை அப்படியல்ல. இங்கே கிழிந்த வலையை மாற்றுவதும், பலகையை வெயிலும் ஈரமும் படாமல் பாதுகாப்பதும், போரிக் பவுடர் வாங்கி வைப்பதும், சிறுவர்களுக்கு விரலை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் ஆட்டப் பைத்தியம் பிடித்த ஒரே மனிதராகத்தான் இருப்பார். பலகையைச் சுமந்து வருபவனுக்கு அதில் ஆட உரிமையில்லை என்று விதி போட்டால், அடுத்த பொங்கலுக்குப் பலகையைச் சுமக்க ஆள் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. பகுதியின் சிறந்த ஆட்டக்காரரை ஒதுக்கிவைத்துவிட்டு ஷீல்டை வாங்குபவரிடம், “அவர் ஆடியிருந்தால் தெரிந்திருக்கும்” என்று ஆண்டு முழுவதும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெற்றி பெற்றவருக்கே அது நியாயமில்லை.

ஆகவே அவர் ஆடட்டும், ஆனால் அதிகாரத்தைக் குலுக்கலுக்கு முன்பே ஒப்படைத்துவிடட்டும். ஆட்டம் தெரிந்த, போட்டியில் பெயர் கொடுக்காத ஒருவரை, உதாரணமாக ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் யாராவது இருந்தால் அவரை, நோட்டீஸிலேயே தலைமை நடுவர் என்று அச்சிட்டுவிடுங்கள். போர்டு எண்ணிக்கையைக் குறைப்பது, தாமதமாக வருபவருக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, ஸ்ட்ரைக்கர் இரண்டு கோடுகளையும் தொட்டிருந்ததா இல்லையா என்பது எல்லாம் அவர் பொறுப்பு. நேரம் போதாமல் போகக்கூடும் என்று தெரிந்தால், எத்தனை மணிக்குப் பிறகு தொடங்கும் ஆட்டங்கள் நான்கு போர்டு என்பதையும் காலையிலேயே எழுதி ஒட்டிவிடலாம். தொடங்கிவிட்ட ஆட்டத்தின் அளவை மட்டும் நடுவராலும் மாற்ற இயலாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. இருபத்துமூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். தோற்றவர் வெளியேறும் முறையில் முப்பத்திரண்டு இடங்களுக்கு ஒன்பது குறைவதால், ஒன்பது பேர் முதல் சுற்றில் ஆடாமலே ‘பை’ பெற்று அடுத்த சுற்றுக்குச் செல்வார்கள்; மீதிப் பதினான்கு பேர் மோதி ஏழு பேர் தேறி அவர்களோடு சேர்வார்கள். அந்த ஒன்பதில் ஒன்று செயலாளர் பெயராக இருந்துவிட்டால், குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும் யாரும் நம்பப்போவதில்லை. நடத்துபவருக்கு ‘பை’ கிடையாது என்று முதலிலேயே அறிவித்து, அவருடைய சீட்டை முதல் சுற்றில் ஆடுபவர்களோடு சேர்த்துவிடுங்கள். குலுக்கல் எல்லோர் முன்னிலையிலும் நடக்கட்டும். சீட்டை ஒரு சிறுமி எடுக்கட்டும். மன்றத்துப் பலகைகளின் குணம் செயலாளருக்கு அத்துப்படி என்பதால், எந்தப் பலகையில் ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருடைய எதிராளிக்குக் கொடுத்துவிடலாம். இது சற்று அதிகப்படி என்று சிலருக்குத் தோன்றும், எனக்குத் தோன்றவில்லை.

பரிசுப் பணத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் சாய்கிறேன். நுழைவுக் கட்டணத்திலிருந்து வந்த பணமென்றால் மற்றவர்களைப் போல் கட்டணம் கட்டிய அவருக்கும் அதில் உரிமை உண்டு. கடைக்காரர்களிடம் அவரே கேட்டு வாங்கிய நன்கொடை வேறு வகை. போட்டிக்கென்று தன் முகத்துக்காகக் கிடைத்த பணம் சுற்றி வந்து தன் சட்டைப் பைக்கே போவதை எந்தக் கடைக்காரரும் மறுமுறை ரசிக்க மாட்டார். ஷீல்டும் பெயரும் செயலாளருக்கு, ரொக்கம் அடுத்த இடத்தில் வந்தவருக்கு என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடுங்கள். இதற்கும் அவர் உடன்படவில்லையென்றால், அவருக்கு ஆட்டத்தில்தான் பிரியமா என்று நீங்கள் சந்தேகப்படலாம்.

கேள்வி: வேலூரில் நடந்த “மாவட்ட அளவிலான” கேரம் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சென்றேன். “ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னவரும் அந்தப் போட்டியில் ஆடினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே போட்டியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். காலிறுதியில் அவரை நான் வென்றேன்.
— வாசகர், ஆம்பூர்

பதில்: 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது உண்மை, ஆம்பூர் திருப்பத்தூருடனும் ஆற்காடு இராணிப்பேட்டையுடனும் போய்விட்டன. ஆனால் சென்ற ஆண்டு உங்களைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு இந்த ஆண்டுதான் வரைபடம் நினைவுக்கு வந்தது என்றால் அதை வரைபடத்தின் மேல் போட முடியாது. ஊர் வரம்பு வைப்பதற்கு நடத்துபவருக்கு முழு உரிமை உண்டு. அதை நோட்டீஸிலேயே, ஒரு பெயர்கூட வருவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். நோட்டீஸில் இல்லாததைப் பதிவு மேசையில் சொல்பவர், அதுவும் உங்களிடம் தோற்ற ஆட்டக்காரராக இருந்தால், அந்த முடிவுக்கு மதிப்பில்லை. ஓர் ஆட்டக்காரரின் தகுதியை இன்னோர் ஆட்டக்காரர் தீர்மானிக்கக் கூடாது என்ற ஒரு வரியை அடுத்த நோட்டீஸில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். “பழைய வட ஆர்க்காடு” என்று போட்டுவிடுங்கள் என்றும் யோசனை சொல்லலாம். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் தனியாகப் பிரிந்த 1989-க்கு முந்தைய எல்லையைப் பிடித்துக்கொண்டு ஆரணிக்காரர்களும் செய்யாற்றுக்காரர்களும் வந்து நிற்பார்கள், பலகைகள் போதுமா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் மகள் கலந்துகொண்ட சிறுவர் சதுரங்கப் போட்டியில் ஆடுபவர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்ததால், அதை நடத்திய பயிற்சியாளரே ஒருவராக உட்கார்ந்து ஆடினார். மகள் அவரிடம் தோற்று ஒரு புள்ளியை இழந்தாள். இது முறையா?
— ஒரு தாய், காட்பாடி

பதில்: முறையல்ல. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரவரிசைக்கு உட்பட்ட போட்டிகளில் தலைமை நடுவர் எண்ணிக்கையைச் சரிக்கட்டுவதற்காகக்கூட ஆடக் கூடாது என்பது விதி. நீங்கள் குறிப்பிடுவது தரவரிசை இல்லாத உள்ளூர்ப் போட்டியாக இருக்கலாம்; அப்போதும் கணக்கைப் பாருங்கள். ஸ்விஸ் முறையில் (தோற்றவர் வெளியேறாமல் எல்லோரும் எல்லாச் சுற்றிலும் ஆடும் முறை) ஆள் கிடைக்காமல் எஞ்சும் குழந்தைக்கு ‘பை’ தருவார்கள், அது வெற்றிக்கு உரிய முழுப் புள்ளி. பயிற்சியாளர் உட்காராமல் இருந்திருந்தால் யாரோ ஒரு குழந்தைக்கு அந்தப் புள்ளி கிடைத்திருக்கும். அவர் எல்லாச் சுற்றிலும் ஆடியிருந்தால் இன்னும் மோசம். ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்றவர்களை மோதவிடுவதே ஸ்விஸ் முறை என்பதால், வென்றுகொண்டே போகும் பெரியவர் ஒவ்வொரு சுற்றிலும் முன்னணியில் இருக்கும் ஒரு குழந்தையைத்தான் சந்திப்பார், ஒவ்வொருவராக அவர்களுடைய புள்ளியைப் பறிப்பார்.

ஒரு குழந்தை ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் குழந்தைக்குப் புள்ளியைக் கொடுத்துவிட்டு, கணக்கில் சேராத ஆட்டமாக அவர் தாராளமாக ஆடலாம், ஆட்டம் முடிந்ததும் எந்த நகர்த்தலில் தவறியது என்று சொல்லிக்கொடுக்கவும் செய்யலாம். நடந்து முடிந்த போட்டிக்கு, அவருடைய பெயரை நீக்கி, அவரோடு ஆடிய குழந்தைகளுக்கு அந்தச் சுற்றின் முழுப் புள்ளியைச் சேர்த்து, இறுதிப் பட்டியலை மறுபடி வெளியிடும்படி எழுதிக் கேளுங்கள். கோப்பைகளைத் திரும்ப வாங்க வேண்டாம்; இடம் மாறும் குழந்தைகளுக்குச் சான்றிதழைத் திருத்திக் கொடுத்தால் போதும்.