நாலாயிரம் பாடல்களை ஒழுங்குபடுத்த எதற்குப் பணம் செலவிடலாம்? – கேள்வி-பதில்

கேள்வி: நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்து சேர்த்த ஏறத்தாழ 4,200 பாட்டுக் கோப்புகள் என் மடிக்கணினியில் இருக்கின்றன. சில அண்ணனின் பழைய சிடிக்களிலிருந்து எடுத்தவை. சில பணம் கொடுத்துப் பதிவிறக்கியவை. சில எங்கிருந்து வந்தன என்றே நினைவில்லை. வகுப்புக்குப் போகும் வழியில் கைபேசியில் கேட்கலாம் என்றால், ஒரே பாடகர் மூன்று பேராக வருகிறார். ஒரே ஆல்பம் எட்டுத் துண்டாகக் கிடக்கிறது. பல பாடல்களுக்கு 'டிராக் 01' என்பதைத் தவிர வேறு பெயரே இல்லை. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்லும் மென்பொருள் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குழப்பம் அத்தனையும் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் குறிப்பில், அதாவது 'டேக்' எனப்படுவதில் இருக்கிறது. அதைத் திருத்துவதற்கான நல்ல கருவிகள் பல ஆண்டுகளாக இலவசமாகவே கிடைக்கின்றன.

கைபேசியின் பாட்டுச் செயலி பெரும்பாலும் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் டேக்கைத்தான் படிக்கிறது. எம்பி3 கோப்புக்கான முதல் டேக் முறையான ஐடி3, 1996-இல் வந்தது. கோப்பின் கடைசி 128 பைட்டுகள் மட்டுமே அதற்கு இடம். அதில் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 30 பைட்டுகள், ஆண்டுக்கு 4 பைட்டுகள் என்று பங்கு பிரித்திருந்தார்கள். தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் எழுத உதவும் யூனிகோடு முறைக்கு அதில் ஏற்பாடே கிடையாது. வலிந்து எழுதினாலும் ஒரு தமிழ்க் குறி 3 பைட்டு பிடிக்கும் என்பதாலும், 'கொ' போன்ற எழுத்தில் ககரத்துக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்பதாலும், ஒரு பாட்டின் முதலடியில் பாதிகூட அதற்குள் அடங்காது. பழைய கோப்புகளில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் தெரிவதற்கும், நீளமான பெயர்கள் நடுவில் வெட்டுப்பட்டு நிற்பதற்கும் இதுதான் வழக்கமான காரணம். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு கோப்பின் தொடக்கத்தில் எழுதப்படுகிறது. அதில் நீளத் தட்டுப்பாடும் இல்லை, யூனிகோடும் செல்லும். ஒரே கோப்பில் இரண்டு பதிப்புகளும் இருந்து, இரண்டிலும் வெவ்வேறு பெயர் இருப்பதுண்டு. அப்போது ஒரு செயலி ஒன்றைக் காட்டும். இன்னொரு செயலி மற்றதைக் காட்டும்.

ஒரே பாடகர் மூன்று பேராவது எழுத்துக்கூட்டலால் வருவது. பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒற்றை 'ஏ' போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் இரட்டை 'ஏ' போட்டிருப்பார், மூன்றாமவர் முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைக்காமல் விட்டிருப்பார். கணினிக்கு இவர்கள் மூவர். எம்பி3டேக் என்ற நிரலில் பாடகர் பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் பெயர்கள் அகர வரிசையில் நின்று, இந்த மூவரும் பெரும்பாலும் அடுத்தடுத்து வந்துவிடுவார்கள். மூவரின் பாடல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஒரே பெயரைத் தட்டிச் சேமித்தால் அந்த வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். விண்டோஸில் இந்த நிரல் இலவசம். மேக் கணினிக்கான பதிப்புக்கு மட்டும் விலை உண்டு. தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பாதிக்குப் பாதி கலந்து வைப்பதுதான் தவறு.

ஆல்பம் துண்டாவதற்குக் காரணம் வேறு. திரைப்பட ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவார். செயலி பாடகர் பெயரை வைத்து ஆல்பத்தைப் பிரிப்பதால், எட்டுப் பாடல்களும் எட்டு ஆல்பங்களாகின்றன. இதற்கென்றே 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. எட்டுக்கும் அதில் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி எழுதிவிட்டால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒற்றைக் கட்டத்தைப் பற்றித் தெரியாமல்தான் பலர் சந்தா கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பெயரே இல்லாத 'டிராக் 01' வகைக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தோடு இணைந்த பிக்கார்டு என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். அது பாட்டின் ஒலியையே கைரேகை போல அலசி, தரவுத்தளத்தில் தேடிப் பெயரைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அந்தத் தரவுத்தளத்தை நிரப்புகிறவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் சேர்க்காத பாட்டை அது அறியாது. மூல ஆல்பம் இருக்க, ஏதோ ஒரு தொகுப்பு ஆல்பத்தில் கொண்டுபோய்ப் பாட்டைச் சேர்த்துவிடுவதும் உண்டு. எனவே 4,200 கோப்புகளையும் ஒரேயடியாக உள்ளே இழுத்துப் போட்டு 'சேமி' என்று சொல்லாதீர்கள். ஐம்பது கோப்புகளைத் தனிக் கோப்புறையில் படியெடுத்து ஒரு மாலை வேளையில் முயன்று பாருங்கள். கட்டண மென்பொருள்கள் பலவும் இதே முறையில்தான் பெயர் தேடுகின்றன. ஒரே சொடுக்கில் அவை சரி செய்வதைப் போலவே ஒரே சொடுக்கில் கெடுக்கவும் செய்யும்.

இரட்டைப் படிகளைத் தானாக அழித்துத் தருகிறேன் என்று எந்த நிரல் முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள். திரையில் வந்த வடிவமும் ஆல்பத்தில் வந்த வடிவமும் பெயரில் ஒன்றாக இருந்து நீளத்தில் இருபது வினாடி வேறுபடலாம். நிரலுக்கு அது இரட்டைப் படி. உங்களுக்கு அந்த இருபது வினாடிதான் பாட்டாக இருக்கக்கூடும். ஐயமானவற்றை வேறு கோப்புறைக்கு நகர்த்தி வைத்து, தேர்வு விடுமுறையில் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். பாட்டின் பெயரைத் தாங்கிக்கொண்டு 'எக்ஸ்இ' என்று முடியும் கோப்பு ஏதேனும் அகப்பட்டால் அது பாட்டே அல்ல, திறந்தால் இயங்கத் தொடங்கும் நிரல்; திறக்காமல் அழித்துவிடுங்கள். விண்டோஸ் இந்தப் பின்னொட்டை இயல்பாக மறைத்துவைப்பதால், முதலில் அதைத் தெரியும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மாணவர் சந்தா மலிவாக இருக்கிறது. ஸ்ட்ரீமிங் செயலியில் பாடல்களைப் பதிவிறக்கியும் வைக்க முடிகிறது. அப்படியிருக்கப் பாடல்களைத் தனியாக விலைக்கு வாங்குவது வீண் செலவுதானே?

பதில்: புதிய பாடல்களைக் கேட்டுப் பார்ப்பதற்குச் சந்தா சிறந்தது, சேகரிப்புக்கு அது பொருந்தாது. செயலிக்குள் பதிவிறக்கிய பாட்டு அந்தச் செயலிக்கு வெளியே ஒலிக்காது. எடுத்துக்காட்டாக, ஸ்பாட்டிஃபையில் பதிவிறக்கியவை தொடர்ந்து ஒலிக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும். சந்தா நின்றால் பதிவிறக்கமும் நின்றுவிடும். அதன் மாணவர் சலுகை அதிகபட்சம் நான்கு ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் மாணவர் என்பதை மறுபடி உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யத் தவறினால் முழு விலைக்கு மாறிவிடும் என்பதால், அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

விலைக்கு வாங்குவதிலும் 'வாங்கு' என்ற பொத்தானை நம்பிவிட முடியாது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடையில் வாங்கிய பாடல்களுக்கு, அனுமதி பெற்ற கணினியில் மட்டுமே ஒலிக்கும்படி பூட்டு இருந்தது. கணினி மாற்றினால் நிறுவனத்தின் வழங்கியிடம் (சர்வர்) புதிதாகச் சாவி கேட்க வேண்டியிருந்தது. 2008 ஆகஸ்ட் மாதத்தோடு அந்தச் சாவி வழங்குவதை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தபோது, வாங்கியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் 2011 வரை நீட்டித்தார்கள். காசு கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டம், உரிமம் மட்டுமே தரும் மின்பொருளை விற்கும்போது அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று எழுதக்கூடாது என்கிறது. நிரந்தரமாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளக் கூடியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டம் வகுக்கும் இந்த வேறுபாடே உங்களுக்கும் அளவுகோல் ஆகலாம்: பணம் கொடுத்த பின் ஒரு கோப்பு கைக்கு வருகிறதா, அதை வேறொரு கருவியில் படியெடுத்தால் ஒலிக்கிறதா?

பேண்ட்கேம்ப், கோபஸ் போன்ற இடங்களில் வாங்கினால் பூட்டில்லாத கோப்பு கிடைக்கும். ஐடியூன்ஸ் கடையும் 2009-இல் பாடல்களிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. அண்ணனின் பழைய கணினியிலிருந்து வந்தவற்றில் 'எம்4பி' என்று முடிபவை அதற்கு முன் வாங்கிய பூட்டுள்ள கோப்புகள், 'எம்4ஏ' என்று முடிபவை பொதுவாகப் பூட்டற்றவை என்று பிரித்தறியலாம். எதை வாங்கினாலும் அன்றே பதிவிறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். ரசீது மின்னஞ்சலையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் உள்ள, வினாடிக்கு 128 கிலோபிட் அளவிலான பாடல்களை உயர்தரத்துக்கு மாற்றித் தருவதாக ஒரு கட்டணச் செயலி சொல்கிறது. பயன் உண்டா?

பதில்: இல்லை. எம்பி3 ஆக்கும்போது நீக்கப்பட்ட ஒலி கோப்பில் இல்லவே இல்லை. அதை ஃபிளாக் என்ற தரமிழக்காத கோப்பு வகையாக மாற்றினால் கோப்பின் அளவு பெருக்கும், பாட்டு அதேதான். சிடியில் ஒரு வினாடிக்கு 1,411 கிலோபிட் இருக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. ஃபிளாக் அதில் எதையும் இழக்காமல் பாதியளவுக்குச் சற்று மேல் சுருக்கும். 320 கிலோபிட் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஆகவே நல்ல தரம் வேண்டுமென்றால், அண்ணனின் சிடிக்கள் கீறல் விழாமல் இருக்கும்போதே அவற்றிலிருந்து ஃபிளாக்காக ஒருமுறை எடுத்துவிடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. கைபேசிக்குப் போகும் படியை எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம். ப்ளூடூத் காதணியில் கேட்பவருக்கு ஒலி வழியிலேயே மறுபடி சுருக்கப்படுவதால், ஃபிளாக்கின் அருமை அங்கே தெரிவது கடினம்.

320 என்று சொல்லி விற்கும் கோப்பில் ஐயம் எழுந்தால் ஸ்பெக் என்ற இலவச நிரலில் திறந்து பாருங்கள். ஒலியின் அதிர்வெண் வரைபடம் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் நறுக்கியது போல் நின்றிருந்தால், அது பெரும்பாலும் 128-ஐ ஊதிப் பெருக்கியதுதான். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தப் படத்தையே இணைத்து அனுப்பலாம்.

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் பணம் செலவிடுவது?

பதில்: காப்பு நகலுக்கு. உங்கள் 4,200 பாடல்களும் நான்கு நிமிடம் ஓடும் 320 கிலோபிட் கோப்புகள் என்றே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 40 ஜிபியைத்தான் தொடும். இதற்கு 4 டிபி வன்தட்டை விற்க முயலும் கடைக்காரரை விட்டு நகர்ந்துவிடலாம். கிடைப்பதில் சிறியதே போதும். கைப்பையில் அலையப்போகும் வட்டு என்றால் சுழலும் தட்டுள்ள வன்தட்டைவிட சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி விழுந்தாலும் தாங்கும். மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் தூங்கப்போகிறது என்றால் சாதாரண வன்தட்டையே நான் சொல்வேன். மின்சாரமே காட்டாமல் நெடுங்காலம் வைத்த எஸ்எஸ்டியில் தரவு மெல்லத் தேயும் வாய்ப்பு உண்டு. மடிக்கணினியில் ஒன்று, வட்டில் ஒன்று, வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ மற்றொன்று என மூன்று படிகள் இருக்கட்டும்.

நம்ப முடியாத மலிவு விலையில் பெரிய கொள்ளளவு போட்ட மெமரி கார்டு, பென் டிரைவ் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சில்லு சிறியதாக இருக்க, பெரியது என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அவற்றை மாற்றி அமைத்திருப்பார்கள். முதல் சில நூறு பாடல்கள் சரியாக ஏறும். அதன் பின் ஏறுபவை காணாமல் போகும் அல்லது முன்பு ஏறியவற்றை அழித்துவிடும். வாங்கியவுடன், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மற்றவற்றில் எஃப்3 என்ற இலவச நிரல்களால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்ட கார்டை விண்டோஸ் 59.6 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1,024-ஆலும் பெருக்குவதால் வரும் வேறுபாடு அது; அதை ஏமாற்று என்று புகார் செய்தால் எடுபடாது.

கேள்வி: வகுப்பில் பதிவு செய்த விரிவுரைகள் பாட்டுக்கு நடுவே வந்து விழுகின்றன. அதற்காகவே தனிச் செயலி ஒன்று வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் விரிவுரைகளைத் தனிக் கோப்புறையில் போட்டு, அதற்குள் 'நோமீடியா' என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரு வெற்றுக் கோப்பை ஆங்கில எழுத்துகளில் உருவாக்குங்கள். பாட்டுச் செயலிகள் பொதுவாக அந்தக் கோப்புறையை எட்டிப் பார்க்காது. கோப்புறை வழியே திறக்கும் ஒலிப்பான்களில் மட்டும் பதிவுகள் கிடைக்கும். விரிவுரைக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள், பிறகு பாடம் என்ற வரிசையில் எழுதுங்கள். மாதத்தையும் நாளையும் 03, 09 என்று இரண்டு இலக்கமாக எழுதினால்தான் பல கருவிகளில் வரிசை சரியாக நிற்கும். இல்லையென்றால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். பாட்டின் எண்ணுக்கும் இதே முறைதான்.