அன்ரெனா இலவசம், ஆர்.ரி.எல். மட்டும் காசா?

ஜேர்மனியில் வீட்டுக்காரர் கேபிள் ரிவிக் காசையும் வாடகையோடு சேர்த்து எல்லாரிடமும் அறவிடலாம் என்ற பழைய விதி 2024 ஜூன் 30 உடன் முடிந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு ரிவி பற்றிய கேள்விகள்தான் அதிகம். அன்ரெனா பக்கம் போனவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் ஹம் நகரில் இருக்கிறோம். வீட்டில் கேபிள் நின்றபின் கடையில் ஒரு சின்ன அன்ரெனா வாங்கி ரிவியில் கொழுவினோம். "இனி மாதக் காசு ஒன்றும் இல்லை" என்றுதான் கடையில் நின்ற பெடியன் சொன்னான். ஏ.ஆர்.டி., செற்.டி.எவ்., டபிள்யூ.டி.ஆர். எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. ஆர்.ரி.எல்., வொக்ஸ், சற்.1, புரோசீபன் போட்டால் மட்டும் படம் இல்லை. காசு கட்டச் சொல்லி ஓர் அறிவிப்பு வருகிறது. அன்ரெனா பழுதா, அல்லது ஏமாந்துவிட்டோமா?

பதில்: அன்ரெனாவில் ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. அந்த அறிவிப்புத் தெரிகிறது என்றாலே சிக்னல் ஒழுங்காக வருகிறது என்றுதான் அர்த்தம். கடைக்காரப் பெடியன் பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டான்.

அன்ரெனா வழியாக வருவது இரண்டு வகை. ஏ.ஆர்.டி., செற்.டி.எவ்., டபிள்யூ.டி.ஆர். போன்ற மாநிலச் சனல்கள், பிள்ளைகளின் கிக்கா, ஆர்ட்டே எல்லாம் பொதுச் சனல்கள். இவற்றுக்குப் பூட்டு இல்லை. பெரிய தனியார் சனல்கள் பூட்டித்தான் வருகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் கட்டணச் சேவையின் பெயர் பிறீநெற் ரிவி. பெயரில் இருக்கும் 'பிறீ'யைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம், அது கொம்பனியின் பெயர். கியூ.வி.சி. மாதிரி விற்பனைச் சனல்கள் மட்டும் தனியார் என்றாலும் திறந்தே கிடக்கும். சாமான் விற்க வந்தவன் கடைக் கதவைப் பூட்டுவானா?

இனிக் காசு கட்டுவதா இல்லையா என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், ஒரு கிழமை ஒன்றும் கட்டாமல் இருந்து பாருங்கள். வீட்டில் யார், எந்த நேரம், எந்தச் சனலைக் கேட்டு முணுமுணுக்கிறார்கள் என்று கவனியுங்கள். பல வீடுகளில் மாலை எட்டு மணிச் செய்தி, சின்னவருக்குக் கிக்கா, சனிக்கிழமை ஏ.ஆர்.டி.யில் புண்டஸ்லீகா உதைபந்தாட்டச் சுருக்கம் என்று பொழுது போய்விடுகிறது. மிச்ச நேரம் முழுக்க யூரியூப். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆர்.ரி.எல். இல்லாதது ஒரு குறையே இல்லை.

புரோசீபனும் சற்.1 உம் மட்டும்தான் தேவை என்றால், வீட்டில் இன்ரர்நெற் இருந்தால் ஜொய்ன் என்ற அப் போதும். விளம்பரத்தோடு நேரலையாக, காசில்லாமல் பார்க்கலாம். ஆர்.ரி.எல். இல்லாமல் இருக்கவே முடியாது என்ற ஆள் வீட்டில் இருந்தால்தான் பிறீநெற் ரிவியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: பிறீநெற் ரிவி எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் கடையில் மொடியூல், ரிசீவர், ஸ்ரிக் என்று மூன்று விதமாக வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? எங்களிடம் இரண்டு ரிவி இருக்கின்றன.

பதில்: முதலில் ரிவியின் பெட்டியிலோ கையேட்டிலோ "டி.வி.பி.-ரி2 எச்.டி." என்ற பச்சை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "டி.வி.பி.-ரி2" என்று போட்டிருந்தால் போதாது. இங்கே படம் எச்.ஈ.வி.சி. என்ற புதிய முறையில் சுருக்கி அனுப்பப்படுகிறது. அதை விரிக்கத் தெரியாத ரிவியில் ஏ.ஆர்.டி.கூட வராது. நாலாம் கை மாறி வந்த பழைய ரிவிகளில் இந்தச் சிக்கல் நிறைய.

முத்திரை இருந்தால் ரிவியின் பின்பக்கமோ ஓரத்திலோ ஒரு நீளமான ஒடுங்கிய துளை இருக்கும். அதற்குள் தள்ளுகிற, வங்கி அட்டையை விடக் கொஞ்சம் தடிப்பான தகடுதான் சி.ஐ. பிளஸ் மொடியூல். ரிமோற் ஒன்று, மேசையில் பெட்டி இல்லை, கூடுதல் வயர் இல்லை. என் தெரிவு இதுதான். துளை இல்லாத ரிவி அல்லது பழைய ரிவி என்றால் ரிசீவர் வாங்க வேண்டிவரும். அதிலும் பிறீநெற் ரிவியைத் திறக்கும் வசதி உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், பொதுச் சனல்களுக்கு மட்டுமான மலிவு ரிசீவர்களும் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். ஸ்ரிக் கணினியில் பார்ப்பவர்களுக்கு. வீட்டு மண்டபத்து ரிவிக்கு அது தோதுப்படாது.

இரண்டு ரிவி என்றீர்கள். கட்டணம் வீட்டுக்கு அல்ல, கருவிக்கு. ஒவ்வொரு மொடியூலுக்கும் தனி எண், ஒவ்வோர் எண்ணுக்கும் தனிக் கட்டணம். இரண்டிலும் ஆர்.ரி.எல். வேண்டும் என்றால் இரண்டு முறை கட்ட வேண்டும். படுக்கையறை ரிவிக்குப் பொதுச் சனல்களே போதும் என்று விடுவதுதான் புத்தி.

மொடியூலைப் போட்டதும் பலர் பதறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மொடியூலில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொடுத்துக் காசு கட்டியாயிற்று, ஆனால் படம் வரவில்லை. உடனே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பூட்டைத் திறக்கும் உத்தரவும் அன்ரெனா வழியாகத்தான் வர வேண்டும். ரிவியைப் போட்டு, ஆர்.ரி.எல். சனலிலேயே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். ரிவி நின்றிருந்தாலும், ஏ.ஆர்.டி.யில் இருந்தாலும் அந்த உத்தரவு போய்ச் சேராமல் இருக்கலாம்.

காசு கட்டும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. வங்கிக் கணக்கில் மாதாமாதம் தானாக எடுக்க விடலாம், அல்லது கடையில் குறிப்பிட்ட காலத்துக்கான முற்கொடுப்பு அட்டை வாங்கி அதன் எண்ணை ஏற்றலாம். அட்டை முடிந்தால் சேவையும் முடியும், யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஒப்பந்தங்களை நிறுத்த மறந்து காசு விடுகிறவர்களை நிறையப் பார்த்தவன் என்பதால் அட்டைப் பக்கம்தான் நான். புதிய மொடியூலோடு பெரும்பாலும் கொஞ்சக் காலம் இலவசமாகவும் தருவார்கள். அது எத்தனை மாதம் என்று பெட்டியில் பார்த்து, முடிகிற அன்று பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எல்லா ஊரிலும் தனியார் சனல்கள் அன்ரெனாவில் வருவதில்லை. சில பகுதிகளில் பொதுச் சனல்கள் மட்டும்தான். காசு கொடுக்கமுன் உங்கள் அஞ்சல் குறியீட்டை இட்டுப் பார்க்கும் வசதி அவர்களின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. ஹம், டோட்முண்ட், எசன் பக்கம் கவலை இல்லை. மலைப்பாங்கான உள்ளூர்களில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் 1990களில் இருந்து இங்கே இருக்கிறேன். அன்ரெனாவில் ஆர்.ரி.எல். சும்மா வந்தது. இடையில் எப்படிக் காசு புகுந்தது? விளம்பரமும் போட்டுக் காசும் வாங்குவது நியாயமா?

பதில்: நியாயமா என்றால், எனக்கும் எரிச்சல்தான் ஐயா. படத்தின் நடுவில் பத்து நிமிட விளம்பரம், அதைப் பார்க்க மாதக் கட்டணம். ஆனால் அவர்கள் பக்கக் கணக்கையும் சொல்ல வேண்டும்.

பெர்லின் பகுதியில் 2003 ஓகஸ்டில் பழைய அனலொக் அன்ரெனா ஒளிபரப்பு முழுதாக நின்று டிஜிற்றல் வந்தது. உலகிலேயே அங்கேதான் முதலில். அப்போது தனியார் சனல்கள் இலவசமாகத்தான் இருந்தன. ஆனால் ஜேர்மனியில் பெரும்பாலான வீடுகள் கேபிளிலும் சற்றலைற்றிலும்தான் பார்க்கின்றன. அன்ரெனாவில் பார்ப்பவர்கள் கொஞ்சப் பேர், கோபுரங்களுக்கான செலவோ பெரிது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் அன்ரெனா வீடுதான் சனலுக்குச் செலவு கூடிய வீடு. 2013 இல் ஆர்.ரி.எல். குழுமம் அன்ரெனாவை விட்டே போகிறோம் என்று அறிவித்து, மியூனிக்கில் அந்த வருடமே நிறுத்தியும் விட்டது.

பிறகு அலைவரிசைக்கும் நெருக்கடி வந்தது. ரிவிக்கு இருந்த 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியை அரசு 2015 இல் கைத்தொலைபேசிக் கொம்பனிகளுக்கு ஏலம் விட்டது. மிச்ச இடத்துக்குள் எல்லாச் சனல்களையும் எச்.டி.யில் அடக்க, புதிய முறை தேவைப்பட்டது. அந்த மாற்றத்தோடு தனியார் சனல்கள் பூட்டும் போட்டுக்கொண்டன. 2017 மார்ச் 29 அன்று புதிய ஒளிபரப்புத் தொடங்கியது. ஜூன் மாத முடிவு வரை எல்லாரும் சும்மா பார்த்தார்கள், ஜூலையில் படம் நின்றது. அப்போது வருடத்துக்கு 69 யூரோ, மாதக் கணக்கில் 5 யூரோ 75 சதம். 2020 இல் அது 6 யூரோ 99 சதம் ஆனது, பிறகும் ஏறியது. ஆகவே யாராவது "வருடம் 69 தானே" என்றால், அது பழைய கதை. வாங்கும் அன்று விலையைப் பாருங்கள்.

இலவச அன்ரெனாவில் கட்டணச் சனலை நுழைக்கப் பல நாடுகள் முயன்றன. பிரித்தானியாவில் 1998 இல் ஒன்டிஜிற்றல் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஐ.ரி.வி. டிஜிற்றல் ஆன சேவை 2002 இல் நொடித்துப்போனது. அதே வருட ஒக்ரோபரில் அந்த இடத்தில் பிறீவியூ முற்றிலும் இலவசமாக வந்தது, சனமும் அள்ளிக்கொண்டு போனது. இத்தாலியில் 2005 இல் மீடியாசெற் கொம்பனி, தொலைபேசிக்குக் காசு போடுவது போலச் சுரண்டும் அட்டை விற்று உதைபந்தாட்டம் காட்டியது. உதைபந்தாட்டம் இருந்தால் சனம் காசு கட்டும். ஜேர்மனியில் விற்பதோ முன்பு சும்மா வந்த அதே நிகழ்ச்சிகளை, கொஞ்சம் தெளிவான படத்தோடு. சற்றலைற் தட்டு வைத்திருப்பவர் ஆர்.ரி.எல்.லையும் சற்.1 ஐயும் சாதாரணத் தெளிவில் காசில்லாமல் பார்க்கிறார் என்பதுதான் என் எரிச்சலுக்கு முக்கிய காரணம்.

கேள்வி: மாதம் 18 யூரோ 36 சதம் ரிவி, வானொலிக் கட்டணம் ஏற்கெனவே கட்டுகிறேன். பிறகு ஏன் பிறீநெற் ரிவிக்கு இன்னொரு காசு? இதைக் கட்டினால் அதை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த முடியாது. பழைய ஆட்கள் கே.ஏ.செட். காசு என்று சொல்லும் அந்தக் கட்டணம் ஏ.ஆர்.டி., செற்.டி.எவ்., பொது வானொலி ஆகியவற்றுக்கு. ஆர்.ரி.எல்.லுக்கு அதிலிருந்து ஒரு சதமும் போவதில்லை. 2013 இல் இருந்து அது வீட்டுக்கு ஒன்று. ரிவி இல்லை, அன்ரெனா இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

ஆனால் அரச அடிப்படை உதவியில் வாழ்பவர்களும், முதியோருக்கான அடிப்படை உதவி பெறுபவர்களும் விலக்குக் கேட்கலாம். அது தானாக வராது, விண்ணப்பம் போட வேண்டும். நம் வயதானவர்கள் பலர் தகுதி இருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55 யூரோ 8 சதத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா அம்மாவின் கடிதக் கட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறீநெற் ரிவியில் மிச்சம் பிடிப்பதை விட இது பெரிய மிச்சம்.

கேள்வி: அம்மாவுக்குத் தமிழ்ச் சனல்தான் வேண்டும். காசு கட்டினால் அன்ரெனாவில் வருமா?

பதில்: வராது. கட்டினாலும் வராது, கட்டாவிட்டாலும் வராது. இன்ரர்நெற் வழியாக, அல்லது தட்டு வைக்க வீட்டுக்காரர் விட்டால் சற்றலைற் வழியாகத்தான்.

"ஒருமுறை காசு, ஆயிரம் சனல்" என்று சொல்லி விற்கிற பொக்ஸைப் பற்றி எழுதும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். உரிமையில்லாத இணைப்புகளை முன்கூட்டியே ஏற்றிய பெட்டியை விற்பது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அப்படிப் பார்ப்பதற்கும் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை விடுங்கள், ஒருநாள் படம் நின்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கேள்வி: கேபிள் கொம்பனியில் இருந்து என்று ஒருவர் கதவைத் தட்டி, கையெழுத்து வைக்காவிட்டால் நாளை ரிவி நின்றுவிடும் என்றார். மனைவி பயந்து கையெழுத்து வைத்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள், காரணம் ஒன்றும் சொல்லாமல் திரும்பப் பெறலாம். தொலைபேசியில் சொல்லி விட்டுவிடாதீர்கள். எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பிய ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த உரிமையைப் பற்றி உங்களுக்கு ஒழுங்காக அறிவிக்கவில்லை என்றால் 14 நாள் தாண்டினாலும் வழி இருக்கிறது. உங்கள் ஊர் பாவனையாளர் ஆலோசனை நிலையத்துக்கு, அதாவது வெர்பிறவுகர்சென்ட்ராலவுக்கு, ஒப்பந்தப் பிரதியோடு போங்கள்.

கேபிள் சிக்னல் ஒருவேளை நிற்கலாம்தான். நின்றால் அன்ரெனாவைக் கொழுவி ஏ.ஆர்.டி. பார்த்துக்கொண்டு, எது வேண்டும் என்று ஆறுதலாக முடிவெடுங்கள். அடுத்த முறை மணி அடித்தால் அட்டையைக் கேளுங்கள், பெயரை எழுதிக்கொள்ளுங்கள், உள்ளே விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.